தகுதி என்ற சொல்லும் இரண்டு வாசல்களும்

மலேசியத் தமிழர்களின் பொதுப்பேச்சில், கல்வியைப் பற்றிய கருத்தரங்கும் நாளிதழ்த் தலையங்கமும் சுற்றிச் சுற்றி வந்து சேர்கின்ற முடிவு ஒன்று உண்டு: அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இன அடிப்படையிலான கோட்டா முறை ஒழிந்து, தேர்வுப் புள்ளி ஒன்றையே பார்த்து இடம் கொடுக்கப்படுமானால், தமிழ்ப் பிள்ளைகளுக்கு நியாயம் தானாகவே கிடைத்துவிடும் என்பதே அது. அரை நூற்றாண்டு மனக்காயத்திலிருந்து பிறந்த கருத்து என்பதால் அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது, 2004-ல் எஸ்.டி.பி.எம். என்னும் ஆறாம் படிவத் தேர்வில் 4.0 என்னும் முழுப்புள்ளி பெற்றும் மருத்துவத்தில் இடம் கிடைக்காமல் நின்ற 128 மாணவர்களின் செய்தி நாட்டையே உலுக்கியதை மறந்தவர்கள் இல்லை. ஆயினும் நோய் உண்மையானது என்பதனாலேயே சொல்லப்படும் மருந்தும் சரியாகிவிடாது. புள்ளி மட்டும் போதும் என்ற நிலைப்பாடு வரலாற்றையும் கணக்கையும் சட்டத்தையும் பிழையாகப் படித்ததன் விளைவு என்பதும், அது முழுமையாக வெல்லும் நாளில் முதலில் தோற்பவர்கள் அதை உரக்கச் சொல்லும் சமூகத்தின் ஏழைப் பிள்ளைகளாகவே இருப்பார்கள் என்பதும் இங்கே நிறுவப்படும்.

இந்த விவாதத்தின் எல்லாத் தரப்புகளையும் ஒரே ஊரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஜொகூர் மாநிலத்தின் ஸ்கூடாய் போதும். 1904-ல் கோலாலம்பூரில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியாகத் தொடங்கி, 1946-ல் கல்லூரியாகவும் 1972-ல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகவும் வளர்ந்து, 1975-ல் இன்றைய பெயரைப் பெற்ற மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அதாவது யூ.டி.எம்., 1985 முதல் ஸ்கூடாயைத் தலைமை வளாகமாகக் கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்குத் தாமான் யுனிவர்சிட்டி என்றே பெயர். அதே ஸ்கூடாயில், சீனச் சமூகம் தன் நன்கொடையைத் திரட்டி 1990-ல் தொடங்கிய சதர்ன் கல்லூரி நிற்கிறது. 2012-ல் அது பல்கலைக்கழகக் கல்லூரியாக உயர்ந்தது. இவ்விரண்டுக்கும் அருகிலேயே தாமான் துன் அமினா, ரினி தோட்டம், கங்கார் பூலாய் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ரினி தோட்டம் முத்தியாரா ரினி என்னும் வீடமைப்புப் பகுதியாக மாறிய பிறகும் பள்ளி மட்டும் தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஸ்கூடாய் ஆறு கடலைச் சேரும் பக்கத்தில், சுங்கை தெமோன் போன்ற கரையோரக் கிராமங்களில், மலாய்க்காரர்களுக்கும் முன்பே இந்நீர்ப்பரப்பில் வாழ்ந்துவந்த ஓராங் செலேத்தார் என்னும் பழங்குடியினர் இருக்கிறார்கள். கோட்டாவைக் குறித்த எந்த வாதமும் இந்த நான்கு முகவரிகளுக்கும் ஒருசேரப் பொருந்தினால்தான் அதை வாதம் என்று ஏற்க வேண்டும். புள்ளி மட்டும் போதும் என்ற வாதம் இவற்றில் இரண்டுக்குக்கூடச் சரியாகப் பொருந்துவதில்லை.

கோட்டா ஏன் வந்தது என்ற கேள்விக்குத் தமிழ்ப் பேச்சாளர்கள் பெரும்பாலும் தரும் விடை, அது ஆளுங்கட்சியின் வாக்கு வேட்டை என்பதாகும். வாக்கு வேட்டை இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு முன்னே ஒரு கணக்கு இருந்தது. 1959-க்கும் 1970-க்கும் இடையில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்ற சீனர்கள் 408 பேர் என்றால், மலாய்க்காரர்கள் நான்கே பேர். நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதியாக இருந்த ஓர் இனம், சாலையும் பாலமும் போடும் துறையில் பன்னிரண்டு ஆண்டுகளில் நால்வரைத்தான் அனுப்ப முடிந்தது என்றால், அது அவர்களின் மூளைக்குறையா, கிராமத்துப் பள்ளியின் குறையா என்பதில் நேர்மையான எவருக்கும் ஐயம் இருக்க முடியாது. 1969 மே 13 கலவரத்திற்குப் பிறகு அமைக்கப்பட்ட மஜிட் இஸ்மாயில் குழு, மாணவர் சேர்க்கை மக்கள்தொகையின் இன விகிதத்தை ஒட்டியிருக்க வேண்டும் என்றும், மொத்த எண்ணிக்கையில் மட்டுமன்றி ஒவ்வொரு துறையிலும் அப்படி இருக்க வேண்டும் என்றும் 1971-ல் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் அரசியலமைப்பின் 153-ஆம் பிரிவில் 8ஏ என்னும் உட்பிரிவு சேர்க்கப்பட்டு, மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் உயர்கல்வி இடங்களை ஒதுக்க வழி செய்யப்பட்டது. புள்ளி ஒன்றையே பார்த்திருந்தால் 1970-ன் நிலை இன்னும் பல பத்தாண்டுகள் நீடித்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளாமல் கோட்டாவை எதிர்ப்பவர்கள், தங்கள் வாதத்தின் முதல் படியிலேயே தடுக்கிவிடுகிறார்கள். தமிழ்த் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு இன்று எது குறையோ, அதுவே அன்று கம்பம் என்னும் மலாய்க் கிராமத்துப் பிள்ளைக்கும் குறையாக இருந்தது.

அப்படியானால் இன்றைய முறையில் கோளாறு எங்கே என்று கேட்டால், அது இரண்டு வாசல்களில் இருக்கிறது. ஐந்தாம் படிவத்தின் முடிவில் எஸ்.பி.எம். தேர்வு எழுதிய மாணவர் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பை அடைவதற்குப் பல பாதைகள் இருப்பினும், இரண்டே முதன்மையானவை. ஒன்று ஆறாம் படிவம்: மூன்று பருவங்களாக ஒன்றரை ஆண்டு படித்து, மலேசியத் தேர்வு மன்றம் நாடு முழுவதற்கும் பொதுவாக நடத்தும் எஸ்.டி.பி.எம். தேர்வை எழுதுவது. மற்றொன்று மெட்ரிகுலேஷன்: கல்வி அமைச்சின் கீழ் இயங்கும் தங்கிப் படிக்கும் கல்லூரிகளில், ஜொகூரில் தங்காக்கில் இருப்பதைப் போன்றவற்றில், பெரும்பாலும் ஓராண்டே படித்து அக்கல்லூரிகளுக்கே உரிய தேர்வை எழுதுவது. பின்னதில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும், மீதமுள்ள 10 விழுக்காடு ஏனைய அனைவருக்கும் என்பது 2003 முதல் உள்ள ஏற்பாடு. அதற்கு முன்பு அந்த 10-உம் கிடையாது. இரண்டு தேர்வுகளின் பாடத்திட்டமும் கால அளவும் திருத்தும் முறையும் வெவ்வேறாக இருக்க, இரண்டிலும் கிடைக்கும் 4.0-ஐ ஒன்றே என வைத்து, அதில் 90 விழுக்காடும் புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடும் கணக்கிட்டு, யூ.பி.யூ. என்னும் பொதுச் சேர்க்கை அமைப்பு இடங்களைப் பகிர்கிறது. கிலோவையும் காத்தியையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதற்கு இது ஒப்பாகும்.

இதை அறிந்த பிறகு 2002-ஐ நினைவுகூர வேண்டும், ஏனெனில் புள்ளி மட்டும் போதும் என்பவர்கள் கேட்பது என்னவோ அது அந்த ஆண்டில் ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது. அதுவரை பூமிபுத்ராக்களுக்கு 55, மற்றவர்களுக்கு 45 என இருந்த விகிதம் கைவிடப்பட்டு, இனிமேல் மெரிட்டோகிரசி, அதாவது தகுதி அடிப்படையே, என்று மகாதீர் அரசு அறிவித்தது. முதல் ஆண்டின் முடிவு: பூமிபுத்ரா ஏறத்தாழ 69 விழுக்காடு, சீனர் ஏறத்தாழ 26, இந்தியர் ஏறத்தாழ 5. பொதுப்பேச்சில் 55:35:10 என்று வழங்கிய பழைய கோட்டாவில் இந்தியருக்கென்று சொல்லப்பட்ட பங்கில் பாதியே எஞ்சியது. 2000-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் குடிமக்களில் இந்தியர் 7 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தனர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இழப்பின் அளவு விளங்கும். கோட்டா போனது, தகுதி வந்தது, தமிழ்ப் பிள்ளையின் இடம் குறைந்தது. இனத்தின் பெயர் விண்ணப்பத்தை எடைபோடும் கட்டத்திலிருந்து நீக்கப்பட்டு, அதற்கு முந்திய வாசலுக்கு நகர்ந்துவிட்டது என்பதே நடந்தது. கண்ணைக் கட்டிக்கொண்ட நீதிதேவதையின் தராசை யார் முன்கூட்டியே நிரப்பிவைக்கிறார்கள் என்று கேட்காதவரை, கண்கட்டு ஓர் அலங்காரமே ஆகும்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு தன் வலிமையான வாதத்தை எடுத்து வைக்கும்: 2002-ல் வந்தது போலித் தகுதி, இரண்டு வாசலை ஒன்றாக்கி, எல்லாரையும் ஒரே தேர்வு எழுதச் செய்தால் மெய்த்தகுதி வெளிப்படும் என்று. இரண்டு வாசலை ஒன்றாக்க வேண்டும் அல்லது இரண்டின் புள்ளிகளையும் ஒப்பிடும் முறையை வெளிப்படையாக்க வேண்டும் என்ற பாதியை மறுப்பதற்கில்லை. மறுக்க வேண்டியது அதன் மறுபாதியை. ஒரே தேர்வு வைத்த மாத்திரத்தில் எழுதுகிறவர்கள் ஒரே நிலையிலிருந்து வருகிறவர்கள் ஆகிவிடுவார்களா? ஒரு தமிழ்ப்பள்ளி மாணவர் ஆறு ஆண்டுகள் தமிழ்வழியில் படித்துவிட்டு, மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார். மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாதவர்கள் புதுமுக வகுப்பு என்னும் ஓராண்டைக் கூடுதலாகக் கடக்க வேண்டியிருக்கிறது. 1957-ல் எண்ணூற்றுக்கும் மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்துள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்பாக மாறியும் போனபோது நகரோரத்துக்குத் தள்ளப்பட்ட குடும்பங்களே அவற்றின் பெற்றோர்களில் பெரும்பகுதி. அப்படிப்பட்ட வீட்டின் தகப்பனார் விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் எல்லைச் சாவடியைக் கடந்து வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறார் என்பது ஸ்கூடாயில் யாரும் வியந்து பேசும் செய்தி அல்ல. புறப்பாடத்திற்குரிய அந்த 10 விழுக்காட்டில்கூட, பள்ளி முடிந்ததும் பேருந்தைப் பிடித்தாக வேண்டிய பிள்ளையும், மாலைப் பயிற்சி முடியும்வரை கார் காத்திருக்கும் பிள்ளையும் ஒன்றாகப் புள்ளி எடுக்க முடியாது.

ஒற்றைத் தேர்வின் மெய்த்தகுதி எப்படி இருக்கும் என்பதைக் கற்பனை செய்யவேண்டிய அவசியமும் இல்லை; தமிழ்நாடு அதை நடத்திக் காட்டியிருக்கிறது. நீட் என்னும் ஒரே நுழைவுத்தேர்வு மருத்துவ இடங்களுக்குக் கட்டாயமான பிறகு, 2019-ல் தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் படித்து எம்.பி.பி.எஸ். இடத்தைப் பெற்றவர்கள் ஆறே பேர். மறு ஆண்டில், நீதிபதி கலையரசன் ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமானதும், மருத்துவத்திலும் பல் மருத்துவத்திலும் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 400 பேர். ஒரே ஆண்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் அறிவு பல மடங்கு பெருகிவிடவில்லை. பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணம் இருந்ததா என்பதையே தேர்வு முன்பு அளந்துகொண்டிருந்தது. ஒதுக்கீடு அந்த அளவைத் திருத்தியது.

இதை எழுதும்போது ஒரு முரண்பாட்டைச் சுட்டாமல் கடக்க முடியவில்லை. மலேசியத் தமிழ் மேடைகளில் 1921-ன் வகுப்புவாரி உரிமை ஆணைக்கும், 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி ஒதுக்கீடு வீழ்ந்ததும் இந்திய அரசியலமைப்பின் முதல் திருத்தத்தைக் கொண்டுவர வைத்த கிளர்ச்சிக்கும், 1994-ன் 69 விழுக்காட்டுச் சட்டத்துக்கும் கைத்தட்டல் கிடைக்கும். 1929-ன் இறுதியில் மலாயாவுக்கு வந்து தோட்டத் தமிழரிடையே பேசிய பெரியாரின் பெயரும் மரியாதையுடன் சொல்லப்படும். அதே மேடையில், அதே மாலையில், மலேசியப் பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பேச்சு திரும்பியதும், ஒதுக்கீடு என்பதே தகுதிக்கு விரோதம் என்று முழங்கப்படும். சென்னையில் சமூகநீதி, ஸ்கூடாயில் அநீதி என்று ஒரே கோட்பாடு கடல் தாண்டியதும் பெயர் மாறுமானால், அங்கே பேசுவது கோட்பாடு அல்ல, யாருக்கு லாபம் என்ற கணக்கு. லாபக் கணக்காகவே எடுத்துக்கொண்டாலும் அது தவறான கணக்கு என்பதுதான் வேடிக்கை.

ஏனெனில், கோட்டா நீங்கிக் காலியாகும் இடங்கள் யாருக்குப் போகும் என்பதை எண்ணிப் பார்க்க அதிக உழைப்பு தேவையில்லை. நகரத்துப் பள்ளி, தனிப்பயிற்சி, படித்த பெற்றோர் என்ற மூன்றும் எங்கே அதிகமோ அங்கே அவை போகும். அதாவது முதலில் நகர்ப்புறச் சீன நடுத்தர வர்க்கத்துக்கும், அடுத்து நகர்ப்புற மலாய் நடுத்தர வர்க்கத்துக்கும், பிறகு மருத்துவர், வழக்கறிஞர் வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும். முத்தியாரா ரினியின் குறைந்த விலை அடுக்குமாடியிலிருந்து வரும் பிள்ளை வரிசையின் கடைசியிலேயே நிற்கும். சீனச் சமூகத்துக்குத் தோல்வியடைந்தாலும் தாங்கிப் பிடிக்கும் வலை உண்டு: மெர்டேக்கா பல்கலைக்கழகம் என்ற அவர்களின் கனவு 1982-ல் நீதிமன்றத்தில் முறிந்த பிறகும், சதர்ன் கல்லூரியையும் வேறு பலவற்றையும் அவர்கள் எழுப்பிக்கொண்டார்கள். தமிழர் தரப்பில் கெடாவில் 2001-ல் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் ஒன்று உண்டெனினும், அதன் மருத்துவக் கட்டணத்தைக் கட்டக்கூடிய தோட்டக் குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாற்று வழி குறைவாக உள்ள சமூகத்துக்கு அரசாங்கப் பல்கலைக்கழகமே உயிர்நாடி. அந்த வாசலில் தன் பின்தங்கிய நிலையைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தானே எழுதிக்கொடுப்பது விவேகம் ஆகாது.

கசப்பான உண்மை இன்னொன்றும் உண்டு. கடந்த இருபது ஆண்டுகளில் மெட்ரிகுலேஷன் கதவு தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கண்ணில் படும்படி திறந்த தடவைகளில் பெரும்பாலும் அது இனத்தைப் பார்த்தே திறந்தது. 2012-ல் நஜிப் அரசு இந்திய மாணவர்களுக்கென 1,500 இடங்களை அறிவித்தது; 2017-ல் மேலும் 700 சேர்க்கப்பட்டு 2,200 என்றானது. அறிவித்த எண்ணும் நிரம்பிய எண்ணும் ஒன்றுதானா என்ற சச்சரவு 2013-ல் எழுந்ததும், 2019-ல் மொத்த இடங்கள் 25,000-லிருந்து 40,000 ஆக உயர்ந்தபோதும் 90:10 அப்படியே நீடித்ததும் நினைவிருக்கத்தக்கவை. எனினும் அந்த 2,200 என்னும் எண், தகுதி மட்டும் என்ற கோரிக்கையின் பலன் அல்ல. எங்கள் சமூகம் பின்தங்கியிருக்கிறது, அதற்கென்று இடம் ஒதுக்குங்கள் என்ற கோரிக்கையின் பலன். பின்தங்கியோர் என்று சொல்லி இடத்தைப் பெற்றுக்கொண்டு, மேடையில் தகுதி என்று பேசுவது, பந்தியில் சாப்பிட்டுவிட்டு விரதம் என்று சொல்வது போன்றது.

2024-ன் நடுப்பகுதியில், எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ-யும் அதற்கு மேலும் எடுத்த எல்லா மாணவர்க்கும் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று பிரதமர் அன்வார் இப்ராகிம் அறிவித்தபோது, தகுதிக் கட்சியினர் அதை வெற்றியாகக் கொண்டாடினார்கள். சிறந்த மாணவர்கள் சிலர் பயனடைந்தார்கள் என்ற அளவில் அது நன்றே. ஆனால் அந்தப் பத்து என்ற எண்ணைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அறிவியல் பிரிவில் படிக்கும் மாணவர் வழக்கமாக எடுக்கும் பாடங்கள் மலாய், ஆங்கிலம், வரலாறு, கணிதம், நன்னெறி, கூடுதல் கணிதம், பௌதிகம், வேதியியல், உயிரியல் என ஒன்பதுக்குள் முடிந்துவிடுகின்றன. தமிழ் மாணவருக்குப் பத்தாவது பாடமாகப் பெரும்பாலும் அமைவது தமிழ்மொழி. இடைநிலைப்பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடக்க வேண்டுமானால் குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும் என்பது விதி. அப்பதினைந்து பேர் சேராத பள்ளியில், ஆசிரியர் கிடைக்காத பள்ளியில் படிக்கும் பிள்ளை, பத்தாவது ஏ-யை வெளியே வகுப்பு தேடி, சொந்தமாகப் படித்துத்தான் எடுக்க வேண்டும். 2009-ல் எஸ்.பி.எம். பாடங்களுக்குப் பத்து என்று உச்சவரம்பு கட்டப்பட்டபோது, தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் அடிபட்டுப் போகும் என்று சமூகம் போராடிக் கூடுதலாக இரண்டு பாடங்களுக்கு இடம் பெற்றதும் இதே காரணத்தால்தான். ஆக, யார் எத்தனை ஏ எடுக்கிறார் என்பதற்கு முன்பே, எத்தனை ஏ எடுக்க அவருக்கு வாய்ப்புள்ளது என்பதை அவர் படிக்கும் பள்ளி தீர்மானித்துவிடுகிறது. ஒன்பது பாடமே கிடைத்த பள்ளியில் எட்டு ஏ எடுத்த லாரி ஓட்டுநரின் மகளுக்கு இந்த அறிவிப்பில் ஒன்றுமில்லை. இன வேறுபாடின்றி என்ற சொல் அவளைப் பொறுத்தவரை ஏழ்மை வேறுபாடும் இன்றி என்றே பொருள்படுகிறது.

இவ்வளவும் சொன்னதைக் கொண்டு, இன்றைய 90:10-ஐ நியாயப்படுத்துவதாக எவரும் எடுத்துக்கொள்ளலாகாது. 1971-ன் புதிய பொருளாதாரக் கொள்கை இருபது ஆண்டு இலக்குடன் வகுக்கப்பட்டது. அதன் முதல் நோக்கம் இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பது, இரண்டாவது நோக்கமே இனத்தொழில் அடையாளத்தை மாற்றியமைப்பது. முதல் நோக்கம் பல்கலைக்கழக வாசலில் மறக்கப்பட்டது. பொறியியலில் நால்வர் என்றிருந்த நிலை மாறிவிட்டது. அந்த மாற்றத்தில் யூ.டி.எம்.-க்கே பெரும்பங்கு உண்டு, அது கோட்டாவின் மறுக்க முடியாத சாதனை. ஆனால் 1980-களில் அங்கே படித்துப் பொறியாளரானவரின் பேரப்பிள்ளையும், கிளந்தானின் நெல்வயல் கிராமத்துப் பிள்ளையும் இன்றும் ஒரே வரிசையில் பூமிபுத்ரா என்று நிறுத்தப்படும்போது, சலுகை எங்கே போய்ச் சேரும் என்பதற்கு நிபுணர் வேண்டியதில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 1992-ல் இந்திரா சாஹ்னி வழக்கில் பிற்படுத்தப்பட்டோருள் வசதி படைத்த அடுக்கைப் பிரித்து விலக்கியது இதற்காகத்தான். மலேசியாவில் அப்படியொரு சல்லடை இல்லை. ஓராங் செலேத்தார் மக்களின் நிலையோ இன்னும் விந்தையானது: நடைமுறையில் அவர்களும் பூமிபுத்ராவே என்றாலும், சிறப்பு நிலையைப் பேசும் 153-ஆம் பிரிவின் வாசகத்தில் தீபகற்பத்தின் ஓராங் அஸ்லி இடம்பெறவில்லை, அவர்களுக்கான பாதுகாப்பு 8-ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவில் ஒதுங்கியிருக்கிறது. இனத்தை மட்டும் பார்த்தால் அவர்கள் பெரும்பான்மைக்குள் கரைந்துபோகிறார்கள். புள்ளியை மட்டும் பார்த்தால் வாசலுக்கே வருவதில்லை.

ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டால் யாழ்ப்பாணத்துக் கதைதான் நேரும் என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. அந்த அச்சத்துக்கு வேர் இருக்கிறது. 1970-71-ல் இலங்கையில் தரப்படுத்தல் என்ற பெயரில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழியில் எழுதியவருக்கு 400-க்கு 250, சிங்களத்தில் எழுதியவருக்கு 229 என்று வெவ்வேறு வெட்டுப்புள்ளி வைக்கப்பட்டது. எழுதிய மொழியைக் கொண்டே தண்டிக்கும் அந்த ஏற்பாடு ஒரு தலைமுறை இளைஞர்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது தெரிந்ததே. ஆனால் அதே கதையின் பின்பகுதி குறைவாகவே சொல்லப்படுகிறது: 1974-ல் வந்த மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாணத்தைப் பாதித்தாலும், மட்டக்களப்பு, மன்னார், வவுனியா போன்ற, நல்ல பள்ளிகள் குறைந்த மாவட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு முன்பு மூடியிருந்த கதவைத் திறந்தது. கோடு எங்கே கிழிக்கப்படுகிறது என்பதில்தான் அநீதியும் நீதியும் பிரிகின்றன. கோடே கூடாது என்பது யாழ்ப்பாண நகரத்துப் புகழ்பெற்ற பள்ளிக்கு வசதியான தத்துவம். மன்னார்க் கரைப் பள்ளிக்கு அல்ல.

அமெரிக்காவே கைவிட்டுவிட்டது என்ற வாதமும் இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறது. 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்களின் இனம் கருதும் சேர்க்கையைச் செல்லாது என்றது மெய்தான். ஆனால் அந்நாட்டிலேயே, 1996-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் டெக்சஸ் மாநிலத்தில் இனம் கருதுவதைத் தடுத்தபோது, மறு ஆண்டே அம்மாநிலம் ஒவ்வோர் உயர்நிலைப்பள்ளியின் முதல் பத்து விழுக்காட்டு மாணவர்க்கும் பொதுப் பல்கலைக்கழக இடத்தை உறுதிசெய்யும் சட்டத்தை இயற்றியது. பள்ளியைப் பார்க்கும் அந்த முறையைத் தகுதி என்றும் சொல்லலாம், ஒதுக்கீடு என்றும் சொல்லலாம். அங்கிருந்து தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டு தீர்வை விட்டுவிடுவது படித்தவர்களுக்கு அழகல்ல. அங்கே சிறுபான்மைக்காக இருந்த ஏற்பாட்டையும் இங்கே பெரும்பான்மைக்காக இருக்கும் ஏற்பாட்டையும் ஒன்றாக வைத்துப் பேசுவதும் அப்படிப்பட்டதே.

சட்டம் வழிவிடாது என்ற அவநம்பிக்கைக்கும் ஆதாரம் போதாது. 153-ஆம் பிரிவு மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையைப் பேசும் அதே வாக்கியத்தில் ஏனைய இனங்களின் நியாயமான நலன்களையும் காக்கும் பொறுப்பை மாமன்னருக்கு வைக்கிறது. 8ஏ உட்பிரிவு, தகுதி பெற்றோரைவிட இடங்கள் குறைவாக உள்ளபோது நியாயமான விகிதத்தை ஒதுக்கலாம் என்கிறது. அந்த விகிதம் 90 என்று அரசியலமைப்பில் எங்கும் எழுதப்படவில்லை. அமைச்சரவை தீர்மானித்த எண்ணை அமைச்சரவையே மாற்றலாம். ஆகவே பூமிபுத்ரா ஒதுக்கீட்டின் உள்ளேயே வசதி படைத்தோரைப் பின்னுக்குத் தள்ளுவதும், அதற்கு வெளியே குடும்ப வருமானம், பெற்றோரின் கல்வி, படித்த பள்ளி ஆகியவற்றுக்கு எடை கொடுப்பதும், தமிழ்நாடு 2010 முதல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணத்தில் காட்டும் சலுகையைப் போல இங்கே சேர்க்கையிலேயே ஒரு வாய்ப்பைக் கொடுப்பதும் அரசியலமைப்பைத் தொடாமலேயே செய்யக்கூடியவை. கோட்டா ஒழிக என்ற முழக்கம் மலாய்க் கம்பத்து ஏழையை எதிரியாக்குகிறது. ஏழையை எண்ணு என்ற கோரிக்கை அவரையும் கூட்டாளியாக்கும். அரசியலில் ஏறத்தாழ 7 விழுக்காடு உள்ள ஒரு சமூகத்துக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

1971-ல் மஜிட் இஸ்மாயில் குழு ஒவ்வொரு துறையாக எண்ணிப் பார்த்தது. அந்த எண்ணிக்கையே கொள்கையை மாற்றியது. இன்று அப்படியொரு பட்டியலைக் கேட்க வேண்டிய இடத்தில் தமிழ் அமைப்புகள் தகுதி என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அடுத்த யூ.பி.யூ. முடிவு வெளியாகும்போது, ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒவ்வொரு துறையிலும் சேர்ந்தவர்கள் எந்தத் தேர்வு வாசலின் வழியே வந்தார்கள், எந்த வருமானப் பிரிவைச் சேர்ந்தவர்கள், எவ்வகைப் பள்ளியில் படித்தவர்கள் என்ற மூன்று விவரங்களையும் பெயரில்லாமல் வெளியிடும்படி உயர்கல்வி அமைச்சைக் கேட்பதற்கு மாநாடு கூட்ட வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒவ்வொன்றும் ஒரு கடிதம் எழுதினால் போதும். ஸ்கூடாயில் உள்ளவர்கள் முதல் கடிதத்தை எழுதலாம்.